ஒரு சைஸ் பெருசா

இன்னும் ஒரு மணி பதினேழு நிமிஷம்னு செல்போன் காட்டுது. அதுக்குள்ள ஆர்டர் போட்டாத்தான் சனிக்கிழமை கைக்கு வருமாம். சனிக்கிழமை வந்தாத்தான் திங்கக்கிழமை காலையில ஆறு மணிக்கு என்னைத் தண்ணியில எறங்க விடுவாங்க. எறங்கலேன்னா என் எடத்துக்கு அடுத்தவ வந்துருவா, பதினெட்டுப் பேரு வரிசையில இருக்காங்கன்னு கோச் மேடம் நோட்டையே தொறந்து காட்டிட்டாங்க. அடுத்த லேடீஸ் பேட்ச் மூணு மாசம் கழிச்சுத்தான். மூணு மாசமெல்லாம் என் தைரியம் தாங்காது, எனக்கு என்னைத் தெரியாதா. அது பாக்கெட் பால் மாதிரி, வாங்குன அன்னைக்கே காய்ச்சிரணும், விட்டா திரிஞ்சு போகும். அதான் ஞாயித்துக்கிழமைச் சோத்தை முடிச்ச கையோட பெட்ரூம் கதவைச் சாத்தி, ஃபேனை நாலுல வச்சு, கட்டில் ஓரத்துல உக்காந்து, பொண்ணைக் கட்டிக் குடுத்துப் பேரனையும் பாத்தாச்சு, அம்பத்தியோரு வயசுல, தமயந்திங்கிற எனக்கு என்ன சைஸுன்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன். ஹால்ல அவரு தூங்குறாரு. குறட்டை ஒரு சீரா வருது, நடுவுல நிக்குது, நான் காதைத் தீட்டுறேன், திரும்ப வருது. சோப்புப் போட்டுக் கழுவியும் விரல்ல அயிரை மீன் குழம்பு வாசம் போகல. போகாட்டிப் போகட்டும். வயிறு நெறைஞ்சிருக்கு, வெயில் ஜன்னலுக்கு வெளியவே நிக்குது, இந்த நேரத்துல இந்த வீட்டுல யாருக்கும் என்கிட்ட ஒரு சோலியும் இல்ல. இப்படி ஒரு மதியம் வாய்க்கிறதே பெருசு. அதுல போயி இந்த சைஸு வந்து உக்காந்துக்கிட்டு கொல்லுது.

நீச்சல் டிரெஸ்ஸு படத்துல பாக்க நல்லாத்தான் இருக்கு. கருநீலம். முழுக்கை, கணுக்கால் வரைக்கும் பேண்ட்டு, எல்லாம் ஒண்ணாச் சேத்துத் தைச்சது, இடுப்புல சின்னதா ஒரு பாவாடை மாதிரி சுத்தித் தொங்குது, நம்மள மாதிரி ஆளுகளுக்காகவே வச்சிருப்பான் போல. அதைப் போட்டுக்கிட்டு நிக்கிற பொண்ணுக்கு வயிறுங்கிற ஒண்ணே கெடையாது. கீழ வரிசையா எழுத்து. எஸ், எம், எல், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல், த்ரீ எக்ஸ்எல். வாங்குனவங்க எழுதுனதைப் படிச்சா ஒருத்தி, சின்னதா வருது, ஒரு சைஸ் பெருசா போடுங்கங்கிறா. அடுத்தவ, தொளதொளன்னு இருக்கு, ஒரு சைஸ் சின்னதா போடுங்கங்கிறா. ரெண்டு பேரையும் ஒரே ரூம்புல விட்டு முடிவு பண்ணச் சொல்லணும். நான் படிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன், என் கட்டை விரல் பாட்டுக்குப் போயி த்ரீ எக்ஸ்எல் மேல நின்னுருச்சு. நான் சொல்லல. அதுவாப் போச்சு. அம்மா சொல்லிக் குடுத்து வளத்த விரலு. எந்தக் கடைக்குப் போனாலும் அம்மா வாயில வர்ற மொத வார்த்தை, வளர்ற புள்ள, ஒரு சைஸ் பெருசா குடுங்கங்கிறதுதான். அதுவும் புதுசுன்னா. நான் போட்டதுல முக்காவாசி எங்கக்கா கோமதி போட்டுக் கழிச்சது. அவ நெட்டை. அவளுக்குத் தைக்கும்போதே பாவாடையில மூணு மடிப்புப் பிடிச்சுத் தைப்பாங்க, வருஷத்துக்கு ஒரு மடிப்பு அவுத்து விடலாம்னு. அவ மூணையும் அவுத்து முடிச்சப்புறம் எனக்கு வரும், மறுபடி மூணையும் பிடிப்பாங்க. பழைய மடிப்பு இருந்த எடம் மட்டும் வெளுக்காம பட்டை பட்டையா நிக்கும், ஸ்கூல்ல எல்லாருக்கும் தெரியும் இது யாரு பாவாடைன்னு. எனக்குச் சரியா வர்ற வருஷம் துணி இத்துப் போயிரும். அப்புறம் கல்யாணம், ஜாக்கெட் தைக்கும்போது எல்லாரும் ஒண்ணு போலச் சொன்னாங்க, கல்யாணம் ஆனா உடம்பு போடும், உள்ள தையல் விட்டுத் தைக்கச் சொல்லு. அப்புறம் இலக்கியா வயித்துல, அப்புறம் அவ பொறந்து, அப்புறம் நைட்டி. நைட்டிக்கு சைஸே கெடையாது, ஃப்ரீ சைஸுன்னு எழுதியிருக்கும், அதுக்குள்ள ரெண்டு தமயந்தி குடும்பம் நடத்தலாம். நான் யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், எனக்குன்னு அளவெடுத்து, என் உடம்பு முடியிற எடத்துல முடியிற மாதிரி ஒரு துணி நான் எப்பப் போட்டேன்? ஒண்ணும் ஞாபகம் வரல. வளர்ற புள்ள, வளர்ற புள்ளன்னு சொல்லியே அம்பத்தொண்ணு ஆயிருச்சு. இன்னும் எங்கடி வளரப் போற?

சரி, அளந்தே பாத்துருவோம்னு இலக்கியாவோட பழைய தையல் டப்பாவைக் கிண்டி டேப்பை எடுத்தேன். அவ ஏழாங்கிளாஸ்ல எம்ப்ராய்டரி போடுறேன்னு ஒரு ரோஜாப்பூவுல பாதி போட்டா, அதுவும் டப்பாக்குள்ளயே கெடக்கு. மஞ்ச டேப்பு, நெளிநெளியாச் சுருண்டு, விரிச்சா திரும்பச் சுருளுது. பீரோ கண்ணாடி முன்னாடி நின்னு மார்பைச் சுத்துனேன், நாப்பத்தி நாலு. இடுப்புக்குக் கீழ சுத்துனேன், நாப்பத்தி ஏழு. ஆத்தாடி. சார்ட்டைப் பாத்தா நேரா த்ரீ எக்ஸ்எல். பாத்தியா, விரலுக்கு எல்லாம் தெரியும்னு ஒரு நிமிஷம் எனக்குப் பெருமை வேற. ஆர்டர் போடுற பட்டனைத் தொடப் போயிட்டேன். தொடப் போனவளுக்கு முந்தி நழுவுச்சு. இழுத்துச் சொருகும்போதுதான் பாக்குறேன், அட கிறுக்கி, சேலையோட நின்னு அளந்திருக்க! ஒம்போது கொசுவம், உள்பாவாடை, பாவாடை நாடா முடிச்சு, முந்தி ரெண்டு சுத்து, இடுப்புல சொருகுன கைக்குட்டை, எல்லாத்தையும் சேத்து அளந்துட்டு நாப்பத்தி ஏழாம். தண்ணிக்குள்ள என்ன கொசுவத்தோடயா எறங்கப் போற? எனக்குச் சிரிப்புத் தாங்கல. வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன், ஹால்ல குறட்டை ஒரு தட்டுத் தட்டிட்டுத் திரும்ப ஓடுச்சு. வீட்டுல யாரும் பாக்காதப்பக்கூட சேலைக்கு மேலதான் என்னை அளக்கத் தோணியிருக்கு பாரு. ஆனா சிரிப்பு அடங்குனதும்தான் உறைச்சுது. அந்தப் பட்டனைத் தொட்டிருந்தா? கோச் மேடம் அன்னைக்கு ஒவ்வொருத்தர்கிட்டயும் நின்னு நின்னு சொன்னாங்க, அம்மா, சுடிதார் கூடாது, நைட்டி கூடவே கூடாது, காஸ்ட்யூம் ஒடம்போட ஒட்டி இருக்கணும், லூசா இருந்தா துணிக்குள்ள தண்ணி புகுந்து ஆளைக் கீழ இழுக்கும், அளவு சரியில்லேன்னா நான் எறக்க மாட்டேன்னு. மத்தவங்கல்லாம் தலையை ஆட்டுனாங்க. எனக்கு அவங்க சொல்லவே வேண்டியதில்ல. துணி எப்படி இழுக்கும்னு எனக்குத் தெரியும்.

பதினோரு வயசு. ஆறாங்கிளாஸ் டூர், பாபநாசம் படித்துறை. கோமதி பாவாடைதான், இடுப்புல ரெண்டு மடிப்பு மடிச்சு ஊக்கு குத்தியிருந்தது. எல்லாரும் எறங்குனாளுக, நானும் எறங்குனேன், முழங்கால், தொடை, இடுப்பு. இடுப்பு வந்ததும் பாவாடைக்குள்ள காத்து அடைச்சுக்கிட்டு பூரி மாதிரி உப்பி மேல வந்துருச்சு. நான் அமுக்குறேன், இந்தப் பக்கம் அமுக்குனா அந்தப் பக்கம் உப்புது. மொத்தக் கிளாஸும் சிரிக்குது. நானும் சேந்து சிரிச்சேன், அதான் நல்லா ஞாபகம் இருக்கு, சிரிக்கும்போதுதான் வாயில தண்ணி போச்சு. காத்து எறங்கிருச்சு, துணி தண்ணியக் குடிச்சிருச்சு, காலைச் சுத்திக்கிச்சு, யாரோ கீழருந்து ரெண்டு கையாலயும் பாவாடையைப் பிடிச்சு இழுக்குற மாதிரி. படி இருந்த எடத்துல படி இல்ல. காதுக்குள்ள ஞொய்ன்னு ஒரு சத்தம். எத்தனை நேரம்னு தெரியாது, ரெண்டு செகண்டு இருக்கும், இன்னும் முடியல அந்த ரெண்டு செகண்டு, சில நாளு ஷவருக்குக் கீழ நிக்கும்போதுகூட வருது, பக்கெட்டுல மொண்டு ஊத்திக்கிறதுதான் எனக்குத் தோது. டீச்சர் சடையைப் பிடிச்சுத் தூக்குனாங்க. மண்டையில அந்த வலி நல்லா இருந்துச்சு, வலிச்சா மேல இருக்கேன்னு அர்த்தம். வீட்டுல யாருகிட்டயும் சொல்லல. சொன்னா பாவாடையைப் பத்திச் சொல்லணும், பாவாடையைச் சொன்னா அம்மா மூஞ்சி சுண்டிப் போகும், அவளும் என்ன செய்வா, இருக்குறதைத்தான் குடுக்க முடியும். அதோட சரி. நாப்பது வருஷமா தண்ணிக்கும் எனக்கும் கணுக்கால் வரைக்கும்தான் பழக்கம். பொறவு ஏண்டி போயி பேரைக் குடுத்தன்னு கேட்டா, முட்டி. எலும்பு டாக்டர், படி ஏறாதீங்க, தண்ணிக்குள்ள நடங்கன்னாரு. எல்லாருகிட்டயும் அதைத்தான் சொல்லிக்கிறேன். உண்மை அது இல்ல. சும்மா விசாரிச்சுட்டு வந்துருவோம்னு நீச்சல் குளத்துக்குப் போனன்னைக்கு ஒரு அம்மா, அறுபதுக்கு மேல இருக்கும், நல்ல கனம், தண்ணி மேல மல்லாக்கப் படுத்திருந்தாங்க. நீந்தல, ஒண்ணும் பண்ணல. படுத்திருந்தாங்க. கண்ணைத் தொறந்துக்கிட்டு மேல பாத்துக்கிட்டு, ரெண்டு கையும் பக்கத்துல கெடக்க, அவங்களுக்கு யாரும் ஒண்ணும் செய்ய வேண்டியதில்ல, அவங்களும் யாருக்கும் ஒண்ணும் செய்ய வேண்டியதில்ல. எனக்குப் பொறாமை பத்திக்கிட்டு வந்துச்சு. நாத்தனா வைர மூக்குத்தி போட்டுக்கிட்டு வந்தப்பக்கூட அப்படி வரல. அதே கையோட ஆபீஸுக்குள்ள போயி ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுட்டேன். ஒரே ஒரு தடவை அப்படிப் படுத்துப் பாத்துரணும், அவ்வளவுதான். அதுக்கு மொதல்ல மூழ்காத துணி வேணும்.

சேலையை உருவிக் கட்டில்ல போட்டேன். இலக்கியா விட்டுட்டுப் போன லெக்கின்ஸ் ஒண்ணு, மெலிசா ஒரு பனியன் துணி டாப்ஸ், ரெண்டையும் மாட்டிக்கிட்டு வந்து நின்னா கண்ணாடியில யாரோ நிக்கிறா. மட்ட மத்தியானம், ஜன்னல் வெளிச்சம் பூராவும் அவ மேல. பாக்க மாட்டேன்னு நெனைச்சேன், பாத்தேன். அப்படி ஒண்ணும் மோசமில்ல. வயிறு இருக்கு, இருக்கத்தான் செய்யும், ஒரு புள்ளையும் முப்பது வருஷத்து இட்லியும் எங்க போகும். தோள் பரவாயில்ல. தோள் நல்லாவே இருக்கு. இத்தனை நாளு இந்தத் தோளு எங்கடி இருந்துச்சு? அடுத்து டேப்பு, மார்பைச் சுத்தி. பல்லைக் கடிச்சு மூச்சைப் பிடிச்சா முப்பத்தெட்டு. மூச்சை விட்டா நாப்பத்தொண்ணு. முதுகுப் பக்கம் டேப்பு தொங்குதோன்னு திரும்பிப் பாத்தா, திரும்புனதுலயே நாப்பத்திரெண்டு. ஒரே ஆளு, ஒரே நிமிஷம், மூணு சைஸு. இதுல இன்னொரு அளவு வேற கேக்குறான், ஒரு தோளுல ஆரம்பிச்சு, முன்பக்கமா எறக்கி, ரெண்டு காலுக்கு நடுவுல குடுத்து, முதுகு வழியா ஏத்தி, திரும்ப அதே தோளுக்குக் கொண்டுவரணுமாம். ஒரு சுத்து. இந்தக் கையை விட்டா அந்தக் கை வழுக்குது, தோள்ல தாடையை வச்சு அமுக்கிக்கிட்டு எடுத்துப் பாத்தேன், கழுத்து சுளுக்கப் பாத்துச்சு. சாண் ஏறுனா முழம் சறுக்குதுன்னு இதைத்தான் சொன்னாங்க போல. இன்னும் நாப்பது நிமிஷம். ஜோஸ்பினுக்கு போனைப் போட்டேன். அடுத்த தெருவுலதான் தைக்கிறா, பதினாறு வருஷமா என் ஜாக்கெட்டெல்லாம் அவ கை. அவளுக்குத் தெரியாத அளவா? "அக்கா, சொல்லுங்கக்கா"ன்னு எடுத்தா, பின்னாடி மிஷின் ஓடுது. என் அளவு என்னடின்னேன். "என்ன அளவு? ஜாக்கெட் அளவா?" என் அளவுடி, என் ஒடம்பு அளவு. மிஷின் நின்னுச்சு. "அக்கா, உங்க ஒடம்பளவு எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் என்னைக்கும் டேப்பு வைக்க விட்டதில்லையே, அளவு ஜாக்கெட்டைக் குடுத்துட்டுப் போவீங்க. அந்த ஜாக்கெட்டுல உள்ள நாலு தையல் இருக்கு. எந்தத் தையலைச் சொல்ல?" அந்த அளவு ஜாக்கெட்டும் அதுக்கு முன்னாடி இருந்த அளவு ஜாக்கெட்டைப் பாத்துத் தைச்சது. அதுக்கும் முன்னாடி ஒண்ணு. கடைசியில போனா என் கல்யாணத்துக்கு எடுத்த அளவு இருக்கும், அன்னைக்கு அளந்த டெய்லரு செத்தே பத்து வருஷம் ஆச்சு. "எதுக்குக்கா திடீர்னு?" சும்மாடின்னேன். அப்புறம் பொறுக்கல, சொல்லிட்டேன். அவ ஒரு கத்து கத்துனா பாரு, சந்தோசத்துல. "ஐயோ அக்கா! ஸ்விம்மிங்கா! ஆனா ஒண்ணுக்கா, அது ரப்பர் மாதிரி இழுக்குற துணி. நம்ம ஜாக்கெட் மாதிரி பத்தலேன்னா பிரிச்சு விடவோ தொளதொளன்னா பிடிச்சு விடவோ முடியாது. என்கிட்ட கொண்டாந்தா நான் கையை வைக்க மாட்டேன். வீட்டுல யாரையாச்சும் டேப்பைப் பிடிக்கச் சொல்லி அளங்க." யாரையாச்சும். வீட்டுல யாரையாச்சும்னா வீட்டுல ஒரே ஒருத்தருதான இருக்காரு.

கீழ சின்ன எழுத்துல இன்னொண்ணு போட்டிருக்கான், இப்பத்தான் கண்ணுல படுது. உள்ளாடை, நீச்சல் உடை திருப்பி எடுக்கப்படாது, மாற்றித் தரப்படாது. போச்சு. சட்டைன்னா திருப்பி அனுப்பலாம், சேலைன்னா திருப்பி அனுப்பலாம். இது ஒரே தடவை. இருவத்தெட்டு நிமிஷம். பேசாம எக்ஸ்எல் போட்ரலாமா? எல்லுக்கும் த்ரீ எக்ஸ்எல்லுக்கும் நடுவுல, கொஞ்சம் தாராளமா. கொஞ்சம் தாராளம். கோச் மேடம் கிள்ளிப் பாப்பாங்க, இடுப்புத் துணியைப் பிடிச்சுக் கிள்ளி, இது என்னம்மான்னு கேப்பாங்க, அத்தனை பொம்பளைக முன்னாடி கரையில நிப்பேன். இல்ல, அவங்க பாக்காம விட்டுட்டா அது இன்னும் மோசம், எறங்கிருவேன், இடுப்பு வரும், உப்பும். வேண்டாம். எல் போட்டு, பத்தாமப் போயி, முட்டி வரைக்கும் ஏறி நின்னுக்கிட்டா? கட்டில்ல விழுந்து இழுத்துக்கிட்டுக் கெடப்பேன், வர்ற வேகத்துல தைரியம் திரிஞ்சிரும். அப்ப சரியா அளக்க அவரைத்தான் கூப்புடணும். கூப்புட்டா சொல்லணும். நான் அவருகிட்ட முட்டிக்கு எக்சர்சைஸ் கிளாஸுன்னுதான் சொல்லி வச்சிருக்கேன். பொய்யில்ல, பாதி. தண்ணின்னு சொல்லல. சொன்னா, ஏதும் சொல்லமாட்டாரு, அதான் பிரச்சனை, கண்ணாடியைக் கழட்டி வேட்டியில துடைச்சு மாட்டிக்கிட்டு என்னை ஒரு பார்வை பாப்பாரு, அந்தப் பார்வையில எனக்கே நான் கேலியாத் தெரிவேன். திட்டுனாக்கூட திரும்பத் திட்டலாம். அதோட இந்த வெளிச்சம். இருவத்தொம்போது வருஷம் குடும்பம் நடத்தியாச்சு, ஆனா இப்படி மட்ட மத்தியானத்துல, லெக்கின்ஸோட, நெளியாம நேரா நின்னு, இந்தாங்க அளங்கன்னு நின்னதில்ல. அடச்சீ, இதென்ன பொண்ணு பாக்கவா வர்றாரு. உரலுக்குள்ள தலையை விட்டாச்சு, இனி உலக்கைக்குப் பயந்தா ஆகுமா. இருவத்திரெண்டு நிமிஷம். "என்னங்க." குறட்டை. "என்னங்க, இங்கிட்டுக் கொஞ்சம் வாங்களேன்." குறட்டை நின்னுருச்சு. வீடே நின்ன மாதிரி இருக்கு, ஃபேனு மட்டும் ஓடுது. சேலையை எடுத்துச் சுத்திக்குவோமான்னு கை போச்சு. சுத்திக்கல.

கதவைத் தொறந்துக்கிட்டு வந்தவரு அப்படியே நிக்கிறாரு. வேலுச்சாமின்னு பேரு, கரண்டு ஆபீஸ்ல ரீடிங் எடுக்குற வேலை, முப்பது வருஷமா வீடு வீடாப் போயி மீட்டரைப் பாத்து நம்பரை எழுதுறாரு, ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் இருக்கு. எத்தனையோ வீட்டுல நாயி தொரத்தியிருக்கு, இப்படி முழிச்சுப் பாத்ததில்ல நான். "என்ன கோலம் இது?"ங்கிறாரு. சொல்லிட்டேன். ஒரே மூச்சுல, தரையைப் பாத்துக்கிட்டு, குளம், பேட்ச், திங்கக்கிழமை, காஸ்ட்யூம், இருவது நிமிஷம், எல்லாம். "முட்டிக்கு எக்சர்சைஸுன்னியே?" "எக்சர்சைஸ்தாங்க. தண்ணிக்குள்ள." கண்ணாடியைக் கழட்டுறாரு. துடைக்கிறாரு. வரட்டும், அந்தப் பார்வை வரட்டும்னு நான் தோளை இறுக்கிக்கிட்டு நிக்கிறேன். மாட்டிக்கிட்டு, என்னைப் பாக்கல, கையை நீட்டுறாரு. "டேப்பைக் குடு." குடுத்தேன். "நிமிந்து நில்லு. மூச்சைப் பிடிக்காத, ஓடிக்கிட்டு இருக்கும்போதுதான் ரீடிங் எடுக்கணும்." பின்னாடி வந்து சுத்துறாரு, தொங்காம, இறுக்காம, முதுகுல டேப்பு நேரா ஒட்டி நிக்கிறது எனக்கே தெரியுது. தூங்கி எந்திரிச்ச சூடு அவரு கையில. குனிஞ்சு, கண்ணாடியைத் தூக்கிக் கீழ் பாதியில பாத்து, அடுத்தவங்க வீட்டு மீட்டரைப் படிக்கிற மாதிரியே சத்தமாப் படிக்கிறாரு, "நாப்பது." நாப்பது! சார்ட்டுல எல்லு நாப்பதுல முடியுது, எக்ஸ்எல்லு நாப்பதுல ஆரம்பிக்குது. நல்லதாப் போச்சு, எக்ஸ்எல்லே போட்ருவோம், கொஞ்சம் தாராளமா. "இரு"ங்கிறாரு. டேப்போட நுனியை வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்குறாரு. "இதுல மொத இஞ்சே இல்லையே. கிழிஞ்சு போயிருக்கு, ஒண்ணுலருந்துல்ல ஆரம்பிக்குது." "அதனால என்ன?" "என்னவா? ஆரம்ப ரீடிங்கைக் கழிக்காம எழுதுனா எப்படி? நாப்பதுல ஒண்ணு போனா முப்பத்தொம்போது." நான் திரும்பிட்டேன். "நாப்பதாவே இருக்கட்டுங்க. ஒரு இஞ்சுதான. ஒரு சைஸ் பெருசா எடுத்துக்கிறேன்." "அதெல்லாம் முடியாது. மீட்டர்ல என்ன ஓடியிருக்கோ அதான். கூட எழுதுனாலும் தப்பு, கொறச்சு எழுதுனாலும் தப்பு." "நாளைக்கு ஒடம்பு போட்டுட்டா?" "போட்டா அப்ப வந்து ரீடிங் எடுக்குறேன்"ங்கிறாரு, சிரிக்காம. நான்தான் சிரிச்சேன். எங்கேயோ உள்ள ஒரு முடிச்சு லொடக்குன்னு அவுந்த மாதிரி இருந்துச்சு.

அந்தச் சுத்தளவுக்கு ரொம்பக் கூச்சப்பட்டாரு, பாவம். தோள்ல நுனியை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டுக் காலண்டரையே பாத்துக்கிட்டு நின்னாரு, மீதியை நானே குடுத்து வாங்கி ஏத்துனேன். அறுபத்தி நாலு, ஒண்ணைக் கழிச்சா அறுபத்தி மூணு. சார்ட்டுல வச்சுப் பாத்தா ரெண்டும் எல்லுக்குள்ள நடுவுல போயி உக்காருது, இடிக்கவும் இல்ல, எடம் மிச்சமும் இல்ல. எல். ஒரு எழுத்து. விரல் திரும்பவும் வலது பக்கமாப் போகப் பாத்துச்சு, இழுத்துக் கொண்டாந்து எல் மேல வச்சு அமுக்குனேன். அடுத்த பக்கம், அடுத்த பக்கம், திருப்பி எடுக்கப்படாது, சம்மதமான்னு ஒரு கேள்வி. சம்மதம். பச்சையா ஒரு டிக் வந்து நின்னுச்சு. ஒம்போது நிமிஷம் பாக்கி. பயமாத்தான் இருக்கு, ஏதோ இப்பவே இடுப்பு வரைக்கும் தண்ணி வந்த மாதிரி. அதே நேரத்துல சந்தோசமாவும் இருக்கு, ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு, எது எங்க முடியுதுன்னு தெரியல. அவரு டேப்பை விரல்ல சுத்திக்கிட்டே கட்டில்ல என் சேலைக்குப் பக்கத்துல உக்காந்தாரு. "உனக்குத்தான் தண்ணின்னா ஆகாதே"ன்னாரு. நான் அவருகிட்ட இதைச் சொன்னதே இல்ல. கல்யாணம் ஆன நாள்லருந்து ஒரு வார்த்தை சொன்னதில்ல. "உங்களுக்கு யாரு சொன்னா?" "யாரு சொல்லணும்? ராமேஸ்வரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி, எங்க போனாலும் நாங்கல்லாம் எறங்குவோம், நீ மட்டும் எல்லாரு செருப்பையும் வரிசையா வச்சுக்கிட்டு கரையிலயே நிப்ப. கேட்டா, யாராச்சும் தூக்கிட்டுப் போயிருவாங்க, நான் பாத்துக்கிறேன்ப. இருவத்தொம்போது வருஷமா பாக்குறேன், ஒரு செருப்பும் தொலைஞ்சதில்ல." யாருக்கும் தெரியாதுன்னுல்ல நெனைச்சுக்கிட்டு இருந்தேன். "திங்கக்கிழமை நானும் வர்றேன்"னாரு. "லேடீஸ் பேட்ச்சுங்க, கேட்டுக்குள்ளயே விட மாட்டாங்க." "நான் உள்ள வர்றேன்னு சொன்னனா? கேட்டுக்கிட்ட நின்னு உன் செருப்பைப் பாத்துக்கிறேன்." "பழைய செருப்புதாங்க, எவனும் எடுத்துட்டுப் போக மாட்டான்"னேன். "அப்படியெல்லாம் சொல்ல முடியாது"ன்னாரு.